மந்தைவெளி மாடியில் காபி மெஷின்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். காற்று இல்லை. மாவுக்கட்டு பிரித்துச் சில நாள்தான். இடது மணிக்கட்டு என்னுடையது மாதிரியே இல்லை. தோல் உரிந்து, மெலிந்து, முற்றிய முருங்கைக்காய் போல.

கஸ்தூரி சீக்கிரமே கிளம்பிவிட்டாள். தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஆடித் தள்ளுபடி, நாள் முழுக்க நின்றபடி. நான் வீட்டில். இத்தனை வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஒரு கீறல் கிடையாது. ஃபேன் துடைக்க ஸ்டூல் மேல் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். டெப்போவில் கேட்பவர்களுக்கு "வழுக்கிடுச்சி" என்று மட்டும் சொல்வது.

இன்றைய வேலை: பவித்ராவின் பெட்டி. மகள் ஆசைப்பட்டு வாங்கிய எஸ்பிரஸ்ஸோ மெஷின். பிரிப்பதற்குள் கம்பெனி புனேவுக்கு மாற்றிவிட்டது. கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நேற்று போனில் சொன்னாள்: "நீங்க செட் பண்ணிப் பாருங்கப்பா. கெட்டுப் போனா பரவால்ல."

கெட்டுப் போனால் பரவாயில்லையாம். என் கையில் எந்த வண்டி கெட்டது?

வலது கையாலும் பல்லாலும் டேப் கிழித்தேன். மெஷின், தண்ணீர்த் தொட்டி, பொடி வைக்கும் சல்லடைக் கிண்ணம், அதை மாட்டும் கனமான கைப்பிடி, பொடியை அமுக்க ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஓர் இரும்புக் கட்டை. பிளக் பெரிய பின். மாவு கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டினேன். கேன் தண்ணீர் ஊற்றி, பட்டனை அமுக்கினேன்.

ர்ர்ர்ர் என்று சத்தம். தண்ணீர் இல்லை.

தொட்டியைக் கழற்றி மாட்டினேன். மறுபடி ர்ர்ர்ர். புத்தகத்தில் எறும்பு ஊர்வது போல் எழுத்து. மூடி வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டேன். காய்ந்த சத்தம். டீசல் தீர்ந்துபோய் மறுபடி நிரப்பின வண்டி இப்படித்தான் இழுத்துக்கொண்டே இருக்கும், பிடிக்காது. லைனில் காற்று. காற்றுக்கு வழி விட்டால் சரியாகும். இதிலும் ஒரு வழி இருக்க வேண்டுமே? பக்கத்தில் பால் நுரைக்கிற ஆவிக் குழாய். அதன் திருகைத் திறந்து பட்டனை அமுக்கினேன். இருமியது. துப்பியது. பிறகு நூல் பிடித்த மாதிரி தண்ணீர்.

ஏர் லாக். அவ்வளவுதான்.

பவித்ராவுக்கு போன். "எப்டிப்பா கண்டுபிடிச்சீங்க? இதுக்கே நெறைய பேர் ரிட்டர்ன் பண்றாங்கப்பா." சாதாரணமாகச் சொன்ன மாதிரி இருந்தது, ஆனால் பக்கத்தில் யாரிடமோ "எங்கப்பா" என்று ஆரம்பித்ததும் கேட்டது.

நல்ல நாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

ஆஸ்பத்திரியில் ஃபிசியோ. மேடத்துக்கு பவித்ரா வயதுதான் இருக்கும். கையில் ஒரு கருவி கொடுத்து அமுக்கச் சொன்னார். வலது கைக்கு முள் துள்ளியது. இடது கைக்கு அசைந்தேன் என்று பேர் பண்ணியது. "பந்து அமுக்குறீங்களா சார்?" "அமுக்குறேன்மா." பொய். ரப்பர் பந்து ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. சின்னப் பிள்ளை மாதிரி பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

மெடிக்கல் 28ஆம் தேதி. அதில் டாக்டர் ஃபிட் என்று எழுதினால்தான் வண்டி. இல்லாவிட்டால் லைட் டூட்டி. டைம் ஆபீசில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது போனது, வந்தது என்று குறிப்பது. தப்பான வேலை இல்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். ஆனால் எனக்கு முன்னால் கண்ணாடியும் ரோடும் இல்லாமல் உட்காரத் தெரியாது.

கியர் போடும் கை. அதுதான் உடைந்திருக்கிறது. வலதாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சாப்பிடும் கை, எழுதும் கை, எது போயிருந்தாலும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் காபி. வீட்டில் இருந்த ஃபில்டர் பொடி, சிக்கரி கலந்தது. கிண்ணத்தில் போட்டு, அமுக்கி, மாட்டினேன். கைப்பிடியை வலது பக்கமாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். வலது கையால் திருப்பினால் மெஷினே கூடச் சுற்றுகிறது. வலது கையால் மெஷினைப் பிடித்து இடதால் திருப்பினால் சரியாக வரும். இடதால் முடியவில்லை. முழங்கையால் இடித்துப் பூட்டினேன்.

சொட்டு. நீண்ட நேரம் கழித்து இன்னொரு சொட்டு. கறுப்பு, பிசுபிசு.

கஸ்தூரி வந்ததும் பாலில் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது. ரோட்டுக்குத் தார் போடறப்போ வர்ற வாசன."

"சிக்கரி ஊறி அடைச்சிக்கிச்சி."

"எது அடைச்சிக்கிச்சோ. நகருங்க." ஃபில்டரை எடுத்தாள். கால் வீங்கியிருந்தது. கொலுசு பதிந்த தடம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாட வீதிப் பக்கம் காபிப் பொடிக் கடை. ஆடி வெள்ளி, கோயில் கூட்டம், செருப்பு வைக்க இடமில்லை. சிக்கரி இல்லாமல் வேண்டும் என்றேன். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஃபில்டருக்குத்தான சார்?" மெஷின் என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது. தலையாட்டினேன். ஃபில்டருக்கு அரைப்பது போல் அரைத்துக் கொடுத்தார்.

வீட்டில் போட்டேன். இந்தத் தடவை நேர் எதிர். குழாய் திறந்த மாதிரி கொட்டியது. வெளுத்த தண்ணீர், புளிப்பு. தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது என்றால் பொடி இறுகவில்லை. இறுக்கினால் நிற்கும். நான் அப்படித்தான் நினைத்தேன். கட்டையை எடுத்து அமுக்கினேன். வலது கையால் அமுக்கினால் ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கையையும் மேலே வைத்து உடம்பு முழுவதையும் சாய்த்தேன்.

மறுபடி கொட்டியது. மறுபடி அமுக்கினேன். எத்தனை தடவை என்று ஞாபகமில்லை. பிடிவாதம்.

மாலை மழை. துணி எடுக்க மறந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

கை வீங்கிவிட்டது. கட்டை விரல் மடங்கவில்லை. கஸ்தூரி துணியில் ஐஸ் சுற்றிக் கட்டினாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கட்டி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மெஷினு வேணுமா, பஸ்ஸு வேணுமா. ஒண்ண சொல்லுங்க."

"பஸ்ஸு."

"அப்ப அத எடுத்து உள்ள வைங்க."

பவித்ரா போனில்: "யாருப்பா அப்டி அமுக்கச் சொன்னது? லேசா சமமா இருந்தா போதும்ப்பா." பிறகு ஏன் கொட்டுகிறது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அவளும் அதைத் தொட்டதே இல்லை.

எழுத வேறொன்றும் இல்லை. முட்டாள்தனம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீக்கம் வடிந்தது. வெயில்.

மெஷினைப் பெட்டியில் திரும்ப வைக்க உட்கார்ந்தேன். தெர்மோகோல் அடியில் சரியாக உட்காரவில்லை. தூக்கிப் பார்த்தால் அதற்குக் கீழே இன்னொரு அட்டை. உள்ளே டார்ச் லைட் மாதிரி ஒரு குழல். தலையில் சுற்றுவதற்குக் கைப்பிடி, வயிற்றில் ஒரு திருகு. திருகினால் டக், டக் என்று பல் பல்லாக விழுகிறது.

காபிக்கொட்டை அரைக்கிற கருவி. கையால் சுற்றுவது.

மெஷினை உள்ளே வைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து திருகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் பிடிக்காவிட்டால் பெடலை இன்னும் பலமாக மிதிப்பவன் டிரைவர் இல்லை. உள்ளே அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். இது தெரிந்தவன்தான் நான். பொடியை அமுக்கிப் பிரயோஜனமில்லை. பொடியே நைசாக இருக்க வேண்டும். நைசாக இருந்தால் தண்ணீர் தானாகத் தயங்கும்.

மதியமே கடைக்குப் போனேன். "கொட்டையாவே குடுங்க." கடைக்காரருக்கு இப்போது ஆர்வம். "வீட்ல அரைக்கப் போறீங்களா? மிக்சில மட்டும் போட்டுடாதீங்க." இந்தத் தடவை மெஷின் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஃபிசியோ. வீக்கத்தைப் பார்த்து மேடம் முகம் சுளித்தார். உண்மையைச் சொன்னேன், பந்து ஃபிரிட்ஜ் மேல் இருப்பது உட்பட. பையிலிருந்து குழலை எடுத்துக் காட்டினேன். "இதை எப்படிச் சுத்துவீங்க? செஞ்சு காட்டுங்க." முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இடது கையால் சுற்றிக் காட்டினேன். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது பரவால்ல சார். மெதுவா. வலிச்சா உடனே நிறுத்திடணும். அமுக்குறது, முட்டுக்கொடுக்குறது எதுவும் கூடாது."

"மெஷின்ல கைப்பிடி திருப்பிப் பூட்டலாமா?"

"வலிக்காத அளவுக்கு. தினமும் கொஞ்சம் கூட்டுங்க."

வரிசையில் காத்திருந்த ஒரு அம்மாள் என் பையை மோந்துவிட்டு, "காபியா?" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

அடுப்படியை மூன்று மணி நேரம் அடைத்துக்கொண்டேன். குறித்து வைக்கிறேன்:

திருகு தளர்வு. கொட்டியது. புளிப்பு.

இரண்டு பல் இறுக்கம். கொஞ்சம் நின்று வந்தது. இன்னும் புளிப்பு.

மேலும் மூன்று. ஒன்றும் வரவில்லை. மெஷின் முனகல். நிறுத்திவிட்டு அவசரமாகக் கைப்பிடியைக் கழற்றினேன். படார். காபிச் சேறு சட்டை, சுவர், காலண்டரில் முருகர் முகம் எல்லாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். முருகரைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

ஒரு பல் தளர்வு. சொட்டு. கசப்பு. குடிக்கலாம்.

இன்னும் ஒரு பல். பொடியை விரலால் தட்டிச் சமப்படுத்தினேன். கட்டையை வைத்து வலது கையால் லேசாக ஓர் அழுத்தம். பட்டன். முதலில் ஒன்றும் இல்லை. மூச்சு இழுத்துவிடும் நேரம். பிறகு கிண்ணத்தின் அடியில் கருஞ்சிவப்பாக முத்து முத்தாகத் துளிர்த்து, எல்லாம் சேர்ந்து ஒரே இழை. கம்பிப் பதத்தில் பாகு இறங்குவது போல. மெஷின் சத்தமே மாறிவிட்டது. லோடு ஏற்றின வண்டி மேட்டில் சரியான கியரில் ஏறும்போது வரும் சத்தம். டம்ளரின் மேலே வேர்க்கடலைத் தோல் நிறத்தில் நுரை.

சர்க்கரை போடவில்லை. பாலும் இல்லை. முதலில் கசப்பு, சரி, பிறகு நாக்கின் பின்பக்கம் கருப்பட்டி மாதிரி ஏதோ. நின்றபடியே குடித்தேன். டம்ளரைக் கழுவ மனமில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும். பவித்ரா மீட்டிங். கஸ்தூரிக்குக் கடையில் போன் எடுக்க முடியாது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு மாமி, எங்கள் ஹவுஸ் ஓனர், துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேகர், காபி வாசனை எங்காத்துக் கூடம் வரைக்கும் வர்றது."

ஒரு டம்ளர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாலில் கலந்து குடித்தார். நிதானமாக. "நன்னாத்தான் இருக்கு. இதுல ரெண்டாம் டிகாக்‌ஷன் எடுக்க முடியாதோ?"

முடியாது என்றேன். "அப்போ கட்டுப்படியாகாது" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். மீதி ஒரு சொட்டு இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பால் நுரைத்தல். ஆவிக் குழாய் பாலுக்குள் ஆழமாகப் போனால் கத்துகிறது. மேலே வந்தால் பால் சுவரில். பாலின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே வைத்தால் காகிதம் கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம். அதுதான் சரி. காதால் பிடித்தேன்.

பாத்திரம் இடது கையில். சூடு பிடிக்க முடியாத அளவுக்கு வந்தால் நிறுத்த வேண்டுமாம். மாவுக்கட்டு பிரித்ததிலிருந்து அந்த உள்ளங்கை மரத்துத்தான் இருந்தது. இன்று சூடு தெரிந்தது. முதலில் வெதுவெதுப்பு, பிறகு சுருக்கென்று. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆறினதும் மறுபடி தொட்டேன், நிச்சயப்படுத்திக்கொள்ள.

கஸ்தூரி வந்ததும் கொடுத்தேன். முழுதும் குடித்தாள். நாளைக்குப் பால் பாக்கெட் ஒன்று சேர்த்து வாங்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவில் ஒலிபெருக்கி, காலையிலிருந்து. லேசான தூறல்.

டெப்போவில் கொடியேற்றிவிட்டு ஏழுமலை வந்தான். என் கண்டக்டர். நான் கட்டு போட்ட நாளிலிருந்து வேறு டிரைவரோடு ஓடுகிறான். கையில் டெப்போவில் கொடுத்த லட்டு, காகிதத்தில் சுற்றியபடி.

"இன்னாணா, கை எப்டி கீது?"

"கீது."

சுற்றிச் சுற்றிப் பேசினான். புது டிரைவர் பிரேக்கை மிதிக்கிற மிதியில் டிக்கெட் மெஷின் கையில் நிற்பதில்லை என்றான். ராயப்பேட்டையில் புதுப் பள்ளம் என்றான். பிறகு லட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டே: "மேனேஜர் சொல்லிகினு இருந்தாருணா. சேகருக்கு டைம் ஆபீஸ் போட்டுடலாம், இதுக்கு மேல அந்த ஆளக் கஷ்டப்படுத்த வேணாம்னு. நல்ல மனசோடதான் சொன்னாரு."

நல்ல மனசு. அதுதான் கஷ்டம். எதிரி சொன்னால் சண்டை போடலாம்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்தான். கொட்டை போட்டு, குழலை முழங்காலில் வைத்துச் சுற்றினேன். பொடியைத் தட்டினேன். வலது கையால் மெஷினைப் பிடித்து, இடது கையால் கைப்பிடியை மாட்டித் திருப்பினேன். கடைசி இரண்டு விரற்கடை இறுக்கமாக இருக்கும். நேற்று வரை அங்கே நின்றுவிடும், முழங்கையால்தான் இடிப்பேன். இன்று யோசிக்கவில்லை. போய் உட்கார்ந்தது.

ஏழுமலை மெஷினைப் பார்க்கவில்லை.

"ணா. அந்தக் கையாலயா திருப்புன?"

"ஆமா."

"இன்னொருக்கா திருப்பு."

கழற்றி மறுபடி பூட்டினேன். பக்கத்தில் வந்து நின்று, தானும் திருப்பிப் பார்த்தான். "டைட்டாத்தான் கீது." பிறகு சிரித்தான். "மூணாவது கியர் இத விட லூசுணா, நம்ம வண்டில."

வெறும் காபியை முதலில் கொடுத்தேன். "இன்னா நைனா இது, கஷாயமா." பால் ஊற்றினதும் ஒரே மூச்சில் குடித்தான். இரண்டாவது கேட்டான். கிளம்பும்போது வாசலில்: "நான் மேனேஜராண்ட சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்லாத. இருபத்தெட்டாம் தேதி கை சொல்லும்."

அவன் போன பிறகு இந்த வாக்கியத்தை நினைத்துக் கொஞ்சம் பயமாக இருந்தது. பெரிதாகப் பேசிவிட்டேனோ.

லட்டில் ஏலக்காய் அதிகம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்தாயிற்று, முகூர்த்தக் கூட்டம் என்றாள் கஸ்தூரி. ஆடி முடிந்தால் உட்காரலாம் என்றிருந்தாள்.

அவள் குளித்து வருவதற்குள் காபி தயார். எனக்குக் காலையில் வேலை என்று ஒன்று இருக்கிறது.

மழைக்காற்றுக்குப் பொடியின் குணமே மாறுகிறது. நேற்று சரியாக இருந்த பல் இன்று இறுக்கம். ஒன்று தளர்த்தினேன், சரி. தினமும் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஃபிசியோவில் முள் பாதி தாண்டியது. மேடம் சீட்டில் எழுதும்போது லேசாக விசில் அடித்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் கஸ்தூரி பிளாஸ்க்கைக் கழுவி மேடையில் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. மதியம் கடையிலிருந்து போன்: "பொண்ணுங்களாம் கேக்குதுங்க. நாலு மணிக்கு மேல ஒரு கேப்பு கெடைக்கும். முடிஞ்சா கொண்டாங்க. முடியலன்னா வுட்ருங்க."

எட்டுத் தடவை போட்டு ஊற்றினால்தான் பிளாஸ்க் நிரம்புகிறது. நடு நடுவே கைக்கு ஓய்வு. பஸ்ஸில் போனேன். உட்கார இடம் இருந்தும் நின்றேன், இடது கையால் மேல் கம்பியைப் பிடித்து. பனகல் பார்க் வளைவில் டிரைவர் சின்னப் பையன், நன்றாக எடுத்தான். மனதுக்குள் பாஸ் போட்டேன்.

கடைக்குப் பின்பக்க மாடிப்படி. ஊழியர்கள் டீ குடிக்கும் இடம். நான் கீழ்ப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், மேலே பேச்சு கேட்டது.

"மெஷின் காபியாக்கா? கடைல வாங்கினு வர்றாரா?"

"எங்க வூட்டுக்காரரு போடுறது."

"பஸ்ஸுதான ஓட்டுவாருன்னு சொன்னீங்க?"

"ஆமா. பஸ்ஸுந்தான் ஓட்டுவாரு." அதில் ஒரு நிமிர்வு. என்னிடம் அந்தக் குரலில் ஒரு நாளும் பேசினதில்லை.

உடனே மேலே போகவில்லை. கொஞ்சம் நின்று, இருமிவிட்டுப் போனேன்.

பெண்கள் ஐந்தாறு பேர். ஒருத்தி குடித்துவிட்டு இனிமேல் கடை டீ இறங்காது என்றாள். கஸ்தூரி கடைசியாகத்தான் எடுத்துக்கொண்டாள். படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் குடித்தாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. மாமி வீட்டிலிருந்தும் கொழுக்கட்டை.

நாளை மெடிக்கல். கை நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாலையில் மூன்று காபி போட்டேன், மூன்றும் கோணல். ஒன்று கொட்டியது, ஒன்று அடைத்தது. பதற்றம் கை வழியாகப் பொடிக்குப் போகிறது போல. மெஷினை அணைத்துவிட்டேன்.

கஸ்தூரி: "லைட் டூட்டின்னா தலைய வாங்கிடுவாங்களா இன்னா. சம்பளம் வரும், நேரத்துக்கு வூட்டுக்கு வருவீங்க." கொஞ்ச நேரம் கழித்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு: "வண்டிதான் கெடைக்கும். பாருங்க."

ஆகஸ்ட் 28, வியாழன்

டாக்டர் வயதானவர், பேச்சு குறைவு. மடக்கு, நீட்டு, திருப்பு, எதிர்த்துத் தள்ளு. கருவி கொடுத்தார். இடது கையால் அமுக்கினேன். முள்ளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். அவர் பார்த்தார். மறுபடி அமுக்கச் சொன்னார். மறுபடி.

"என்ன பயிற்சி செஞ்சீங்க?"

"காபி அரைச்சேன் சார்."

நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். குழல், கைப்பிடி, திருப்பிப் பூட்டுவது எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "டிகாக்‌ஷன் திக்கா வருதா?" என்றார்.

"வருது சார்."

எழுதினார். ஃபிட்.

வெளியில் வந்து வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் சும்மா நின்றேன். பவித்ராவிடம் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. "அழுறீங்களாப்பா?" இல்லை, பக்கத்தில் லாரி என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

டெப்போவுக்குள் டிரையல். மேனேஜரே வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிவர்ஸ், வளைவு, நிறுத்தி எடுப்பது. கியர் கம்பியின் குமிழ் சில்லென்று இருந்தது. முதல், இரண்டு, மூன்று. வலி இல்லை. இறுக்கம் இருந்தது, அது வேறு.

இறங்கினதும் மேனேஜர்: "டைம் ஆபீஸ்ல நாற்காலி போட்டு வச்சேன்யா உனக்கு."

"வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்."

தோளில் தட்டினார். திங்கள் காலை ஷிப்ட். கண்டக்டர் ஏழுமலை.

செப்டம்பர் 1, திங்கள்

விடிகாலை தூறல், பிறகு வெளுத்தது. ரோடு பளபளப்பு.

அவசரத்தில் வெறும் காபி மட்டும். வண்டி எடுத்தேன். லஸ் சிக்னல் வரை உடம்பெல்லாம் கையாக இருந்தது. அதற்கப்புறம் கையை மறந்துவிட்டேன். ராயப்பேட்டைப் பள்ளம், ஏழுமலை சொன்ன அதே இடம், ஒதுக்கி எடுத்தேன். பின்னால் ஒரு அம்மா, "டிரைவர் புதுசாப்பா? குலுக்காம போறாரு" என்றது கேட்டது. ஏழுமலை சத்தமாக, எனக்குக் கேட்கிற மாதிரி: "புதுசு இல்லம்மா. நம்ம ஆளு. லீவுல இருந்தாரு, வந்துட்டாரு."

கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். டிக்கெட் கிழிப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தான்.

கடைசி டிரிப்பில் மணிக்கட்டு இழுத்தது. தாங்கக் கூடியது. வண்டியை ஒப்படைத்து, கை கழுவி, நடந்தே வீடு.

மாடிப்படி ஏறும்போதே வாசனை. கஸ்தூரிக்கு இன்று லீவு. அடுப்படி மேடை முழுக்கப் பொடி, சுவரில் பால், மெஷின் முன்னால் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள்.

"சொல்லிக் குடுக்க ஆளு வேணுமா இன்னா. தினம் பாத்துகினுதான கீறேன்."

டம்ளரை நீட்டினாள். குடித்தேன். ஓட்டம் வேகம், கொஞ்சம் புளிப்பு. "ஒரு பல் இறுக்கு" என்றேன். முறைத்தாள். குழலை எடுத்தாள், இறுக்கினாள், மறுபடி அரைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டினாள். இழை இறங்கியது.

இரண்டாவது டம்ளர். நான் போடுவதை விட ஒரு படி மேல். குடித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னொண்ணு" என்று காலி டம்ளரை நீட்டினேன்.